அமைதிக்காரியின் கையில் ஐந்து சீட்டு

— மறுபடியும் நீயே முடிச்சுட்ட. அநியாயம் அக்கா! பாலத்தை வெடி வச்சுத் தகர்க்க வந்த வில்லன் உன் தோள்ல சாஞ்சு அழறான். நாலே நிமிஷத்துல ஆட்டம் க்ளோஸ்.

— நான் என்னடா பண்றது? அமைதிக்காரி தொட்டா யாருக்கும் கோபமும் பயமும் போயிடும்னு நீதானே விதி எழுதின.

— என் இரும்புத்தோளைப் பாரு. லாரியை ஒத்தைக் கையில தூக்குறவன், தேமேன்னு நிக்கிறான்.

— பாவம், உட்கார ஒரு நாற்காலி போடு.

— சிரிக்காத. எட்டு மாசமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டு எழுதின பலகை விளையாட்டு. வெள்ளிக்கிழமை விளையாட்டுக் கம்பெனிக்காரங்ககிட்ட காட்டணும். பேசாம உன் சக்தியைக் குறைச்சுடறேன். ஆட்டத்துக்கு ரெண்டே தடவை.

— பதறாத. அது சரியா வராது.

— கேளேன், அவன் லாரியைத் தூக்கினா நாலு புள்ளி பலம் போகுது. உனக்கு மட்டும் சேதாரமே இல்லை.

— அங்கதான் தப்பு. அவசர எண்ணுக்கு வர்ற போனை ஒம்பது வருஷமா எடுக்கிறவ சொல்றேன். அடுத்தவங்ககிட்டேருந்து எடுத்த பயம் எங்கேயும் போகாது. அது ஒரு சீட்டா என் கைக்கு வரணும். அஞ்சு சேர்ந்தா அமைதிக்காரியால எழுந்து நிக்கக்கூட முடியாது.

— செம்ம! அந்தச் சீட்டை எப்படிக் கழிக்கிறது?

— அது தெரியலையே.

— கேளேன், இப்படி வைப்போம். இன்னொரு வீரன் தன் முறையை விட்டுட்டுப் பக்கத்துல உட்காரணும். அவன்கிட்ட நீ மனசு விட்டுச் சொன்னா ஒரு சீட்டு கீழ போகும்.

— நடுச் சண்டையிலயா?

— நடுச் சண்டையிலதான். ஆடிப் பார்த்துடலாம். பகடையை உருட்டு.

— ஆறு. வில்லன் அடங்கிட்டான், ஒரு சீட்டு. அவன் கூட்டாளி, ரெண்டு. பாலத்துல நிக்கிற பஸ்ல மாட்டிக்கிட்ட மூணு பேரு. அஞ்சாச்சு. அமைதிக்காரி பாலத்துலயே உட்கார்ந்துட்டா.

— இப்ப என் முறை. நீ உட்கார்ந்ததும் வில்லன் மறுபடி வெடியை எடுக்கிறான். ஒரே தள்ளுல அவனை ஆத்துல விட்டு ஜெயிச்சுடலாம்.

— தள்ளேன்.

— மாட்டேன். இரும்புத்தோள் உன் பக்கத்துல வந்து உட்கார்றான். சொல்லு.

— என்னத்தைச் சொல்ல?

— சும்மா ஏதாவது கட்டிச் சொல்லேன்.

— ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ஏழு வயசிருக்கும். அம்மா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லுச்சு. ஆம்புலன்ஸ் போய்ச் சேர பதினோரு நிமிஷம். பேசிட்டே இருந்தேன். வாசக்கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். என்ன கிளாஸ்னு கேட்டேன். அது அழவே இல்லை.

— அப்புறம்?

— ஆளுங்க உள்ள வந்தாங்க, லைன் கட்டாயிடுச்சு. அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்ல மாட்டாங்க.

— அக்கா, இது கட்டின கதை இல்லையே.

— இல்லை.

— எப்ப நடந்துச்சு?

— போன மாசம்.

— இதை மனசுல வச்சுக்கிட்டா தினமும் வேலைக்குப் போயிட்டு வர்ற? ஒரு வார்த்தை சொல்லலையே.

— போகலடா. அன்னிக்கு ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு வந்தவதான். மூணு வாரமா காலையில டிபன் பாக்ஸோட கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்.