அடுப்பை அணைத்த கை

தியேட்டரில் பாப்கார்ன் தின்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருவர் மென்றுகொண்டிருந்தால், திரையில் யார் செத்தாலும் எனக்கு மெல்லும் சத்தம்தான் கேட்கிறது. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஸார். போன மாதம் வந்த அந்த யானைப் படத்தை இரண்டு முறை பார்த்ததாக நீங்களே சொன்னீர்கள். அதற்கு பாப்கார்ன் தேவைதான். அந்தப் படத்தில் ஒழுங்காக நடித்தது யானை மட்டும்தான். அதற்கும் இடைவேளைக்குப் பிறகு வேலையில்லை.

பெயரைக்கூட நான் சொல்லப்போவதில்லை. மோசமான படத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்கு இலவச விளம்பரம். ஓணத்துக்கு வந்த குடும்பப் படத்தையும் நான் அப்படித்தான் நடத்தினேன். ஒரு கூட்டுக் குடும்பமே பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் மூன்று முறை அழுகிறது. இடுக்கி மூடுபனியில் ஒரு தொடர் கொலைகாரன் திரியும் படமும் வந்தது. கதை இல்லாத இடத்திலெல்லாம் பனியைப் போட்டு மூடியிருந்தார் இயக்குநர். கடைசியில் அந்தக் கொலைகாரன் வயலின் இசைக்கு நடுவில் நின்றுகொண்டு தன் சிறுவயது சோகத்தைச் சொல்கிறான். எனக்குச் சிறுவயது சோகம் எதுவும் கிடையாது. வயலினும் கிடையாது. நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், உட்கார்ந்தே சொல்கிறேன்.

கல்லூரியில் பாடம் எடுத்தவன் என்பதால் திருச்சூரில் எல்லோருக்கும் நான் மாஷ். ராமபத்ரன் என்ற என் பெயர் பத்திரிகையில் மட்டும்தான் இருக்கிறது. நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வருடக்கணக்காகத் திரை விமர்சனம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பது என்று வைத்திருந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அதற்கு ஒரே காரணம், நான் எழுதியதை இதுவரை நான் திருத்த வேண்டி வந்ததில்லை.

வல்சலா என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு வாசகசாலை ஆண்டு விழாக்களில் நாடகம் நடித்தவள். ஒரு போட்டிக்கு நான் நடுவராகப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

"எனக்கு ரெண்டாம் பரிசைக் கொடுத்துட்டு, என்னைத் தன்னோட முதல் பரிசா வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. நடுவருங்க இப்படித்தான், நம்பக்கூடாது."

நடிக்காதே என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் எதையாவது நடித்துக் காட்டினால் அதிலிருந்த குறையைச் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

ஸஜீர் என்ற பையன் தன் முதல் படத்தை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டு வீட்டுக்கு வந்தான். வல்சலா சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, நான் படம் பார்க்கும் விதத்தை அவனுக்குச் செய்து காட்டினாள். தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, கடன் கொடுத்தவனைப் போல உட்கார்ந்தாள். பையன் சாயாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தான்.

"சேச்சி, நீங்க நடிப்பீங்களா?"

"இந்த வீட்டுல எனக்கு வேற என்ன வேலை?"

அவனுடைய அடுத்த படத்தில் தாய் வேஷத்துக்கு அவளைக் கேட்டான். அவளிடமே கேள் என்றேன். அவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஆஸ்துமா இருந்தது. தூசியும் தாளிப்பு நெடியும் ஆகாது. இன்ஹேலர் எப்போதும் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கும், கை நீட்டினால் கிடைக்கிற இடத்தில். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்குக் கிளம்பிவிட்டாள்.

படம் வெளியான அன்று அவளோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். அதில் அந்தத் தாய் சமையலறையில் சாகிறாள். சுற்றிலும் ஆளில்லை. மூச்சு முட்டுகிறது, நெஞ்சைப் பிடிக்கிறாள், விழப்போகிறாள். அதற்கு முன்னால் கையை நீட்டி அடுப்பை அணைக்கிறாள். பிறகு விழுகிறாள். தியேட்டரில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பாப்கார்ன் சத்தம் நின்றுபோயிருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"சேச்சி, அந்த அடுப்பை அணைச்சீங்களே, எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. காசு வேண்டாம், விடுங்க."

வீட்டுப் படியேறும்போது அவள் கேட்டாள். "சேட்டா, எப்படி இருந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வரும்."

அவள் சிரித்தாள். வேறு யாருக்கும் நான் வேறு பதில் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் சலுகை காட்டினால் அது விமர்சனம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வந்த விமர்சனத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அந்தப் பத்தியை மட்டும் இங்கே சொல்கிறேன். 'உயிர் போகிற நேரத்தில் ஒருத்தி கேஸைச் சிக்கனம் பிடிக்கிறாள். சாகும் மனிதனின் கை தன் உயிரைத்தான் தேடும், அடுப்பின் திருகை அல்ல. இந்த நடிகை யாரும் சாவதைப் பார்த்ததில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.'

நல்ல வாக்கியங்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் அதை அடுக்களை மேடையில் சாய்ந்தபடி முழுக்கப் படித்தாள். பேப்பரை மடித்து, அதன் மேல் கத்திரிக்காயை வைத்து நறுக்க ஆரம்பித்தாள்.

"அடுப்பை அணைக்கச் சொன்னது ஸஜீர் இல்ல சேட்டா. நானாத்தான் செஞ்சேன். எங்கம்மா அப்படித்தான் போனாங்க. நான் பக்கத்துல இருந்தேன். நீங்க கோவாவுக்குப் படம் பாக்கப் போயிருந்தீங்க."

நறுக்கிய காம்பை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"நீங்க சொல்லுங்க. யாராவது சாகறதை நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் போனார், நான் வகுப்பில் இருந்தேன். அம்மா போனபோது நான் வெளியூரில் இருந்தேன். திரையில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது கணக்கில் சேராது என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதவருக்கு அடுப்புத் திருகைப் பத்தி எவ்வளவு கருத்து," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் இதழாசிரியர் மாத்துக்குட்டி கூப்பிட்டார். "மாஷே, பொம்பளைங்க எல்லாம் திட்டி எழுதித் தள்ளுறாங்க. மாஷுக்கு வயசாயிடுச்சுன்னு பசங்க கிண்டல் பண்றாங்க. அந்த அடுப்பு விஷயத்துக்கு மட்டும் சின்னதா ஒரு வருத்தம் போட்டுடலாமா?"

"எனக்குத் தெரியாத ஒன்றுக்காக நான் வருத்தம் தெரிவிப்பதில்லை," என்றேன்.

"அப்ப கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மாஷே," என்றார் அவர்.

இதுதான் என் நிலைமை. என் எழுத்து என்னிடம் இருக்குமா போகுமா என்பது ஒரே ஒரு கேள்விக்கான விடையில் நின்றது. சாகிற ஒருத்தி அடுப்பை அணைப்பாளா, மாட்டாளா. பார்க்காததைப் பற்றி எழுதக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நீங்கள் உங்கள் அறிக்கையில் பொறாமை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். மேஜை மேல் தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிகிறது. அது யானைப் படத்தில் வரும் காரணம், ஸார். மனைவி புகழ் பெறுகிறாள், கணவன் பொசுங்குகிறான், மழை பெய்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். கொச்சியில் அடுத்த படத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்ததே நான்தான்.

அன்று காலை அவள் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனபோது, ஃப்ரிட்ஜின் மேலிருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கைப்பையிலிருந்த இன்னொன்றையும் எடுத்தேன். முந்தின நாள் அடுக்களையின் புகை இழுக்கும் விசிறி ஓடவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். அதை நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க ஒன்றுமில்லை, அதன் வயரைக் கழற்றியிருந்தது நான்தான். பிறகு மத்திக்கறிக்கு வற்றல் மிளகாய் நிறையப் போட்டுத் தாளிக்கச் சொன்னேன். நான் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்ததால் அவளுக்குச் சந்தோஷம்.

"அப்படியே இருமிச் சாகப்போறோம் ரெண்டு பேரும்," என்று சொல்லிக்கொண்டேதான் மிளகாயை எண்ணெயில் போட்டாள்.

சாப்பாட்டு மேஜையிலிருந்து அடுக்களை முழுதும் தெரியும். நல்ல இருக்கை. நான் அங்கே இருந்தேன்.

முதலில் இருமல். இருமலோடு சிரிப்பும் இருந்தது. பிறகு சிரிப்பு இல்லை. கை ஃப்ரிட்ஜின் மேல் போய்த் துழாவியது. உயிரைத்தான் தேடும் என்று நான் எழுதியது அதுவரை சரியாக இருந்தது. கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பும் சில்லறையும் தரையில் ஓடின. 'சேட்டா' என்பதில் பாதியைச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்து விளக்கு எரிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு நான் எழுந்ததில்லை, அது இந்த ஊருக்கே தெரியும்.

அப்புறம் அவள் திரும்பினாள். மேடையைப் பிடித்துக்கொண்டு, அடுப்பு வரை வந்து, திருகை மூடினாள். அதோடு நிற்கவில்லை. வாணலியில் கிடந்த கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். இது படத்தில்கூட இல்லை. அதன் பிறகுதான் கீழே உட்கார்ந்தாள்.

ஆக, நான் எழுதியது தவறு.

மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். டாக்டருக்கு அவளுடைய ஆஸ்துமா பழைய கதை. எங்கள் மகள் நீது மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். பட உலகத்தினர் மாலைகளோடு வந்தார்கள். ஸஜீர் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவன் அழுகை அவனுடைய படத்தைவிட நீளமாக இருந்தது.

சடங்குகள் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே நான் உட்கார்ந்து திருத்தத்தை எழுதினேன். கை முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது, அடுப்பை எப்படி அணைக்கிறார்கள், கரண்டியை எங்கே வைக்கிறார்கள். வல்சலாவின் பெயரையும் போட்டேன், அவள் செய்தது சரி என்றும் எழுதினேன். மாத்துக்குட்டி அதை அவள் படத்தோடு முழுப் பக்கத்தில் போட்டார். ஊரே உருகியது. மனைவியை நினைத்து நினைத்து மாஷ் கற்பனை செய்து எழுதியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு கணவன் எழுதிய மிகச் சிறந்த காதல் கடிதம் என்று ஒரு பேராசிரியை எழுதினார். இந்த ஊர் மக்களுக்குப் படிக்கவும் தெரியவில்லை, படம் பார்க்கவும் தெரியவில்லை.

நீதுவுக்கு மட்டும் தெரிந்தது. என் மகள் அல்லவா.

பேப்பரை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"அச்சா, மாடியில தூங்கிட்டு இருந்தேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"ஃப்ரிட்ஜ் மேல கையை விட்டுத் தேடினாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் பையைக் கவுத்தாங்க, அப்புறம் அடுப்புன்னு வரிசையா எழுதியிருக்கீங்க. வரிசை எப்படித் தெரிஞ்சுது அச்சா?"

அந்த வரிகளின் மேல் விரலை வைத்தாள்.

"இது கற்பனைன்னு சொல்லுங்க. அதை மட்டும் சொல்லுங்க, நான் பேசாம ஃப்ளைட் ஏறிடறேன்."

 ஒரே ஒரு பொய் போதும் என்பது எனக்குத் தெரியும். உறங்கினேன் என்று ஊரிடம் சொன்னவன் இதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் எழுதி அச்சான விஷயம்.

"விமர்சனத்துல நான் கற்பனையா எழுதறதில்ல, மோளே," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்தாள், நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். இன்ஹேலர்களை எடுத்தது நான். விசிறியைக் கெடுத்தது நான். மிளகாயைக் கேட்டது நான். அவள் சாகும்வரை பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான். என் மனைவி வல்சலாவைக் கொன்றேன். இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை.

கடைசியாக ஒன்று, அச்சில் வராமல் விட்டுப்போனது. கீழே உட்கார்ந்த பிறகு அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். மெல்லிய துணி, உள்ளே இருப்பது தெரிந்திருக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை, முடிந்த பிறகும். படத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகச் சாகிறாள். அது சுத்தப் பொய், ஸார். அந்த இடத்தில் அவள் நடிப்பு சரியில்லை என்று நான் நினைத்தது நினைத்ததுதான். இரண்டாம் பரிசுக்கு மேல் கொடுக்க முடியாது.