பெற்றோரைப் பரீட்சைக்கு உட்காரவைத்த மிஸ் குவாமினா அவர்களுக்கு

கடலும் காடும் காவலிருக்கும் இந்த வடகரையில், கணக்கைக் கண்டு கலங்கிய பெற்றோரைக் கைப்பிடித்துக் கரைசேர்த்த எங்கள் தலைமை ஆசிரியையே, மிஸ் யூலாலி குவாமினா அவர்களே, முப்பத்தேழு ஆண்டுப் பணி நிறைந்து இன்று விடைபெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

ஐந்தாம் வகுப்பின் முடிவில் வரும் நாட்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யாத பள்ளி டிரினிடாடில் இல்லை. பெற்றோரையும் தயார்செய்தவர் நீங்கள். ஜனவரி பிறந்தால் சனிக்கிழமைக் காலைகளில் வீட்டுக்கு ஒருவரை அழைத்து, பிள்ளைகளின் மேசைகளில் உட்காரவைத்து, பெயர் கூப்பிட்டு, மாதிரித்தாள் கொடுத்து, மணி பார்ப்பீர்கள். பேசக் கூடாது என்பது உங்கள் விதி. பேசாமல் யார் இருந்தார்கள்?

“இந்தப் பின்னம் எல்லாம் வந்தா நான் எதுக்கு மிஸ் வலை இழுக்கறேன்?” என்பார் ஒருவர்.

“உங்க பொண்ணு இதை நாலு நிமிஷத்துல போட்டுட்டா. நீங்க இன்னும் பென்சிலே சீவல.”

முடிவுச் சீட்டில் வரும் எண்களை நீங்கள் சொல்லித்தான் இந்த ஊர் புரிந்துகொண்டது. “எண்பதாவது நிலைன்னா நூத்துக்கு எண்பது மார்க் இல்ல. நூறு படகு கடலுக்குப் போச்சுன்னு வைங்க. அதுல எண்பது படகைவிட உங்க படகுல மீன் ஜாஸ்தி. எண்பது மீன் பிடிச்சீங்கன்னு அர்த்தம் இல்ல.” தேர்வுக்குப் பின் எந்தெந்த உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று விருப்ப வரிசையில் எழுதும் படிவத்தில், ஒரே பள்ளியின் பெயரை நான்கு வரியிலும் எழுதிக் கொண்டுவருவார்கள் சிலர். “பிடிவாதத்துக்கு மார்க் கிடையாது,” என்று திருப்பிக் கொடுப்பீர்கள்.

இவை ஊரறிந்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரியைப் பற்றி யாரும் மேடையில் பேசியதில்லை. இன்று பேசாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது.

முதல் சனிக்கிழமை அது. எங்களில் இருவர் தாள் கொடுக்க வந்திருந்தோம். மீனவர் கார்வின் லெசாமா உள்ளே வராமல் கதவருகில் நின்றார். அவர் மனைவி இவெட் ஆகஸ்டில் இறந்திருந்தார். மகள் டெசியாவை நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இவெட். அந்த ஆசையைக் கைவிட்டுவிட்டதைச் சொல்லத்தான் கார்வின் வந்திருந்தார்.

“பக்கத்துப் பள்ளியே போதும் மிஸ். அவ விடியக்காலையில பஸ் ஏறிப் போயிட்டா, சின்னவனுங்க ரெண்டு பேரை யார் பாத்துப்பா?”

“அப்புறம் பேசலாம்,” என்று நீங்கள் பெயர் கூப்பிடத் தொடங்கினீர்கள். அந்தப் பதிவேடு முந்தைய ஜூலையிலேயே எழுதியது. வீட்டுக்கு ஒரு பெயர் என்பதால் அந்த வீட்டுக்கு இவெட்டின் பெயரே இருந்தது. அவர் இறந்த பிறகும் யாரும் அதை அடித்துவிடவில்லை. நீங்களும் கவனிக்காமல் படித்துவிட்டீர்கள்.

“இவெட் லெசாமா.”

“வந்திருக்கேன், மிஸ்.”

பெண்குரல் வந்தது கடல்பக்கத்து ஜன்னலோரம், மூன்றாவது வரிசையிலிருந்து. அந்த மேசை காலியாக இருந்தது. அந்தக் குரலைப் பத்தொன்பது பெற்றோர் கேட்டார்கள். நாங்கள் இருவரும் கேட்டோம். ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

உங்கள் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு வருகைக் குறி போட்டீர்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டீர்கள். அந்த மேசையிலும் ஒரு தாளும் பென்சிலும் வைக்கச் சொன்னீர்கள். வைத்தோம். கார்வின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். அன்று மட்டும் யாரும் பேசவில்லை.

பிறகு பெயரை அடித்துவிடலாமே என்று கேட்டோம். “பேர் கொடுத்தவங்கதான் அடிக்கணும். நான் இல்ல,” என்றீர்கள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் கூப்பிட்டீர்கள். பதில் வந்தது. அந்த மேசைத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஒருமுறை கேட்டோம். “ஒரு பெற்றோரோட தாளை இன்னொருத்தருக்கு நான் காட்டறதில்ல,” என்றீர்கள். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பென்சில் வாராவாரம் குட்டையானதை மட்டும் பார்த்தோம்.

படிவம் கொடுக்கும் கடைசி நாளில் கார்வின் வந்தார். முதல் வரியில் நகரத்துப் பெண்கள் பள்ளியின் பெயர் இருந்தது.

“சின்னவனுங்களை யார் பாத்துப்பா?” என்று கேட்டீர்கள்.

“எங்க அக்கா வந்து தங்கறேன்னுட்டா.”

“மனசு மாறிடுச்சா, கார்வின்?”

“எனக்கு இன்னமும் இஷ்டம் இல்ல மிஸ். என்கிட்ட கேக்கலயே. சொல்லிட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் என்னது.”

ஜூலையில் முடிவு வந்தது. டெசியாவுக்கு அந்தப் பள்ளியே கிடைத்தது. முடிவுச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்த கார்வினிடம் எண்களை விளக்க நீங்கள் வாயெடுத்தீர்கள். வேண்டாம், வீட்டில் விளக்கிவிட்டார்கள் என்றார். வீட்டில் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. கார்வினின் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

மிஸ், பயந்தவர்களைப் பயத்தோடேயே உட்காரவைத்து வேலை வாங்கினீர்கள். எங்களையும் அப்படித்தான். வரும் ஜனவரியிலும் சனிக்கிழமை வகுப்பு நடக்கும். தனியாக யாரும் எடுக்க மாட்டோம். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

நீங்கள் நெடுங்காலம் நோயின்றி வாழவேண்டும். மழைக்காலத்திலும் முழங்கால் வலியின்றி மலைப்பாதை ஏறவேண்டும். சனிக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை தூங்கவேண்டும். இனி உங்கள் வாசலில் யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்கள் எதுவும் கேட்டு வந்தவர்களாக இல்லாமல், சும்மா உங்களைப் பார்த்துப்போக வந்தவர்களாகவே இருக்கட்டும்.

நன்றி மறவாத,
பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்
வடகரை, டிரினிடாட்