இரண்டு வில்லைகளுக்கு நடுவே

அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். இந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். எனக்குப் பழகி இருபத்திரண்டு வருடமாகிறது.

எங்கள் வேலையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைப்போம். கிருமி செத்தால் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுமை தெரியும். இரண்டு மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவை ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்கின்றனவா, காலை வாரிவிடுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். காலை வாரினால், இரண்டுக்கும் நடுவே வட்டம் தட்டையாகிவிடும்.

மூளைக்காய்ச்சலுக்கு இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். நாற்பது நோயாளிகளின் கிருமிகளில் சோதித்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியில் அதை அச்சடித்து எல்லா வார்டுகளிலும் ஒட்டினார்கள். கீழே என் பெயர். என் மனைவி அதைப் போனில் படம்பிடித்து அவள் அண்ணனுக்கு அனுப்பினாள். அதுவரை என்னை ரத்தம் எடுக்கிறவன் என்றே நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

மறுவருடம் தட்டையான வட்டம் ஒன்று வந்தது. அதைப் பார்த்தவள் என் உதவியாளர். ஒன்பது வருடமாக என்னோடு வேலை பார்த்தவள், இடக்கைக்காரி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் கழுகு என்று கூப்பிடுவோம். தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “சார், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது” என்றாள்.

அது புதிய விஷயம் இல்லை. ஒரு மருந்து கிருமியை வளரவிடாமல் நிறுத்திவைக்கும். மற்றது வளர்கிற கிருமியைத்தான் கொல்லும். முதலாவது கிருமியைத் தூங்கவைத்துவிட்டால் இரண்டாவதுக்கு வேலை இல்லை. புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் கொடுக்கிற அளவில் அது தலைகாட்டாது என்று நம்பியிருந்தேன்.

தட்டில் கோளாறு என்று அவளிடம் சொன்னேன். அவள் மறுபடி செய்தாள். அதற்குப் பிறகு இன்னொரு முறையும் செய்தாள். மூன்று தட்டுகளையும் நானே நீராவிக் கலத்தில் போட்டு அழித்தேன். கோபத்தில் இல்லை. வார்டில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தால், எப்போதிலிருந்து தப்பு என்று கேட்பார்கள். பழைய கோப்புகளைப் பிரிப்பார்கள். இரண்டு மருந்தும் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறந்தவர்கள், எனக்குத் தெரிந்து, பதினோரு பேர். முதல் நாள் பேசாமல் இருந்தேன். இரண்டாம் நாள் பேசினால் நேற்று ஏன் பேசவில்லை என்று வரும். அப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் கதவு இன்னும் கொஞ்சம் இறுகியது. வெளியே வர நான் முயலவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கடைசியில் அவள் தனியாகத் தட்டுகள் போட்டு, எழுதியும் வைத்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தாள். “பெரிய டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் போய்ச் சொன்னா உங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்” என்றாள். திங்கட்கிழமை சேர்ந்தே போவோம் என்றேன். சரி என்று சிரித்தாள்.

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்துவிட்டது, மூளைக்காய்ச்சலேதான். இங்கே கையாண்ட கிருமியே அவளைத் தொற்றியிருக்கலாம். அதை நான் செய்யவில்லை. இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலமே கண்ணாடிச் சுவர் வைத்த தனியறையில் சேர்த்தார்கள். வார்டு டாக்டர் சுவரில் ஒட்டியிருந்தபடி இரண்டு மருந்தையும் ஏற்றினார். அவரைக் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை மதியம் அவள் கணவர் இங்கே வந்தார். பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு நின்றார்.

“அண்ணா, ரெண்டுல ஒரு மருந்தை நிறுத்தச் சொல்றா. குழாயைப் பிடுங்கப் பாக்கறா. டாக்டர் உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னார்.”

ஒரு காகிதத்தையும் நீட்டினார். இடக்கை எழுத்து, நடுங்கியிருந்தது. ‘ஒன்று போதும். சாருக்குத் தெரியும்.’

“காய்ச்சல்ல பேசறா தம்பி. ரெண்டும் ஓடட்டும்” என்றேன். அதையே டாக்டருக்குப் போனிலும் சொன்னேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு நானே மாடிக்குப் போனேன். பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. குழாயைப் பிடுங்குகிறாள் என்று அவள் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் இழுப்பது நின்றது. ஏதோ கேட்கிற மாதிரி பார்த்தாள். நான் தலையசைத்தேன். சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கைகளைத் தளரவிட்டுக் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அவள் முரண்டு பிடிக்கவே இல்லை என்று நர்ஸ் சொன்னார்கள். புதன்கிழமை மதியம் இறந்துபோனாள்.

அவளுடைய மாதிரியை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானேதான் தட்டில் போட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைப் பார்த்துவிட்டேன். கிருமியைக் கொல்கிற அந்த ஒரு மருந்தைச் சுற்றி, இத்தனை வருடத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய வட்டம். மற்ற வில்லை இருந்த பக்கம் மட்டும் தட்டை. கணவர் வந்து நின்றபோது தட்டு இந்த மேசையில்தான் இருந்தது. ஒரு மருந்து மட்டும் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் பெரிய டாக்டரிடம் போயிருப்பாள். தெரிந்துதான் இரண்டும் ஓடட்டும் என்றேன்.

அந்தத் தட்டை நான் அழிக்கவில்லை. குளிர்பெட்டியில் மேல்தட்டில் இருக்கிறது, அவள் பெயர் எழுதியிருக்கிறேன். அவள் எழுதிவைத்தது சரி என்பதற்கு அது சாட்சி. அவளுக்காக நான் அதையாவது செய்தேன்.