துரை அசையவில்லை

பிஸ்கட் போட வேண்டாம் என்று உங்கள் ஏட்டையாவிடம் சொல்லிவிடுங்கள், மேடம். இனிப்பு நாயின் பல்லுக்கு ஆகாது. கண்காட்சியில் நடுவர் முதலில் உதட்டைத் தூக்கிப் பல்லைத்தான் பார்ப்பார். அது போக, போட்டாலும் துரை இப்போது தின்னாது. வெளியே வேப்பமரத்தடியில் சுகந்தி அதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் அது சுந்தரபாண்டியபுரம் கிணற்றடிக்கு ஓடிவிடும். அவள் புருஷன் ஆவுடையப்பன் செத்துப்போன கிணறு. நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தானே. சொல்லிவிடுகிறேன். ஆனால் முறையாகத்தான் சொல்வேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு விளங்காது.

என் பெயர் அருமைநாயகம். குத்துக்கல்வலசையில் வீடு. வேலை பார்த்த காலமெல்லாம் பி.டி. வாத்தியார். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் பிரம்பு தூக்கியதில்லை, கத்தியதும் இல்லை. 'நில்' என்றால் பிள்ளைகள் நிற்கும், அவ்வளவுதான். ஒரு சுதந்திர தினத்தன்று கொடியேற்ற வந்த பெரிய மனிதர் வெகுநேரம் தாமதமாகிவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை சுருண்டு விழுந்தது. பக்கத்தில் நின்றவள் அதன் கூடப்பிறந்த அக்கா. அவள்கூடக் குனியவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது. மற்ற வாத்தியார்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை அவர்களுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது?

ஆவுடையப்பன் என்னிடம் படித்தவன். வரிசையில் ஒரு நாளாவது ஒழுங்காக நின்றானா என்றால் இல்லை. சொறிவான், சிரிப்பான், பின்னால் நிற்கிறவனிடம் ஊர்க்கதை பேசுவான். நல்லவன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஓய்வுபெற்றுக் கண்காட்சிக்கு நாய் பழக்க ஆரம்பித்ததும் தன் சிப்பிப்பாறை நாயோடு வந்து நின்றான். "ஸார், எனக்குத்தான் ஒழுங்கா நிக்க வரல. இவனையாவது நிக்க வச்சிருங்க" என்றான். அவனுக்கும் சுகந்திக்கும் பிள்ளை இல்லை. துரைதான் பிள்ளை.

கண்காட்சி நாய்க்கு ஓடத் தெரிவதைவிட நிற்கத் தெரிய வேண்டும், மேடம். முன்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே, பின்கால் சற்றுத் தள்ளி, தலை நிமிர்ந்து. நடுவர் முன்பின் தெரியாத ஆள். வந்து வாயைத் திறப்பார், முதுகெலும்பில் விரலை ஓட்டுவார், ஆண் நாய் என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பின்னாலும் கை வைப்பார். மானமுள்ள எந்தப் பிராணி சும்மா இருக்கும்? பழக்கினால் இருக்கும். அதற்கு இரண்டே சொல் போதும். 'நில்' என்றால் நிற்க வேண்டும். 'போதும்' என்றால் விடுதலை, ஒரு துண்டு ஈரல். இடையில் வானமே இடிந்து விழுந்தாலும் அசையக் கூடாது. என் தொழிலில் சத்தியம் மாதிரி ஒன்று உண்டு. 'நில்' சொன்னவன்தான் 'போதும்' சொல்ல வேண்டும், நிறுத்திய இடத்திலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் இழுத்துக்கொண்டு போனால் நாயின் மனசு அங்கேயே நின்றுவிடும்.

துரையை நான் குற்றாலத்தில்தான் பழக்கினேன். சீசனில் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும், "அண்ணாச்சி, இவன் வாயைத் திறந்து பாருங்க, முதுகத் தடவிப் பாருங்க" என்பேன். எண்ணெய்க் கை, சோப்புக் கை, பஜ்ஜி தின்ற கை, எல்லாக் கையும் அதன் மேல் பட்டது. ஒரு குரங்கு வந்து அதன் காதைப் பிடித்து இழுத்துவிட்டு என் தொப்பியையும் கொண்டு போனது. துரை அசையவில்லை. மலையாளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் இது பொம்மையா என்று தொட்டுப் பார்த்தது.

ஒரே ஒரு குறைதான். ஆவுடையப்பன் குரல். அதைக் கேட்டால் நில்லும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. நாய்க்குச் செல்லம் கொடுத்தால் மூஞ்சியை நக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போன வருஷம் சாரல் விழா நாய்க் கண்காட்சியில் என்ன நடந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவர் துரையின் வாயில் கை வைத்திருக்கிறார். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கூட்டத்தில் நின்ற ஆவுடையப்பன், "சபாஷ்லே தொரை!" என்று கத்தினான். ஒரே பாய்ச்சல். நடுவரின் கண்ணாடி சேற்றில் விழுந்தது. துரை அவன் மார்பில் காலை வைத்து முகமெல்லாம் நக்குகிறது, அவன் வெட்கமே இல்லாமல் சிரிக்கிறான். மைக்கில் ஒரு பயல், "பி.டி. ஸார் நாய்க்குப் பி.டி. பீரியடே கிடையாது போல" என்றான். ஊரே சிரித்தது. என்னிடம் வெயிலில் நின்ற பிள்ளைகள் இப்போது ஆளாகி, மனைவி மக்களோடு வந்து நின்று சிரித்தார்கள். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, மேடம். பல நாள் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் கண்காட்சிக்கு வராதே என்று அவனிடம் தன்மையாகத்தான் சொன்னேன். "எம் பிள்ள கப்பு வாங்குதத நான் பாக்க வேண்டாமா ஸார்?" என்றான். சரி, அப்படியானால் அந்தக் குரலுக்கும் பழக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவன் ஒளிந்திருந்து கூப்பிட வேண்டும், துரை நிற்க வேண்டும். முதலில் சும்மா பெயர் சொல்லி. பிறகு சிரித்து. பிறகு அடிபட்டவன் மாதிரி அழுது. அழுகையைத்தான் அது தாங்காது. அதனால் அதையே அதிகம் செய்யவைத்தேன். சுகந்திக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கிற மனுசன் ஐயோ ஐயோன்னு கத்துதாரு. என்ன ஸார் கூத்து இது? வாய் முகூர்த்தம் பலிச்சிரப் போவுது" என்றாள். அவன்தான், "சும்மா இரிட்டி, ஸார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளை அடக்கினான்.

அவன் செத்த அன்றைக்குக் காலையிலிருந்து சாரல். சுந்தரபாண்டியபுரத்தில் அவன் தோட்டத்துச் சூரியகாந்தியில் போட்டோ எடுக்க வருகிற கூட்டம்கூட இல்லை. கிணற்று விளிம்பை ஒட்டினாற்போல மோட்டார் ரூம் திண்டில் துரையை நிறுத்தினேன். வழக்கமாக அவன் பூவுக்குள் ஒளிந்துகொள்வான். அன்றைக்குக் கிணற்றுப் படியில் இறங்கி நின்று கூப்பிடுகிறேன் என்றான், குரல் எங்கிருந்து வருகிறது என்று நாய்க்குத் தெரியாது என்பதற்காக. அவனுடைய யோசனைதான்.

இறங்கினான். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கல் படிகள், பாசி பிடித்தவை. கால் வழுக்கிய சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு, "தொரை... ஐயோ தொரை" என்றான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அத்தனை நாள் பழக்கிய அதே அழுகை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நினைத்தேன் என்று சொன்னேனா? கொஞ்ச நேரம் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்து அவன் நாயைக் கூப்பிடவில்லை. "ஸார்" என்றான். "ஸார், தோள்பட்ட எறங்கிட்டு ஸார். நீந்த முடியல. கயித்தப் போடுங்க." அது பாடத்தில் இல்லை.

எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் மோட்டார்க் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கை வழுக்கி வழுக்கி மறுபடி பிடித்தது. அண்ணாந்து என்னைப் பார்த்தான். நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று. வகுப்பில் பேச வாயெடுக்கிற பையன்களுக்கு அப்படித்தான் காட்டுவேன்.

கயிறு என்னிடம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. நாய் பழக்குகிற நீளக் கயிறு. தண்ணீர் வரை போய் மிச்சமும் இருக்கும். ஒரு நுனி என் கையில், மறு நுனி துரையின் கழுத்தில். அதை அவிழ்த்தால் நிலை கலைந்துவிடும். துரையைத் திரும்பிப் பார்த்தேன். மேடம், உங்களுக்கு நாயைப் பற்றித் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். அதன் தோல் முழுக்க நடுங்குகிறது. காது இரண்டும் கிணற்றைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கால் நான்கும் வைத்தது வைத்தபடி. அந்தக் குரலுக்கு அது நின்றுகொண்டிருக்கிறது. ஒரு வருஷ உழைப்பு. இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி யாருக்கு வாய்க்கும்?

நான் நடுவர் மாதிரி மெதுவாக நடந்து துரையிடம் போனேன். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். முதுகில் விரலை ஓட்டினேன். நெஞ்சில் கை வைத்தபோது அதன் இதயம் தறிகெட்டு அடித்தது, கால் அசையவில்லை. பின்னாலும் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. கீழே அவன் ஸார் ஸார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், பிறகு சுகந்தியைக் கூப்பிட்டான், பிறகு துரையை. மழை ஒரு தரம் விட்டு மறுபடி பிடித்தபோது சத்தம் இல்லை.

அப்போது தோட்ட வேலைக்கு வருகிற மாரிச்செல்வி, "அண்ணாச்சி, அங்கனயா இருக்கிய?" என்று பூவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். நான் கயிற்றை வெடுக்கென்று இழுத்து, துரையைத் தரதரவென்று வரப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள்தான் கிணற்றைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியவள். அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகவில்லை, நாய் முந்தின நாளிலிருந்து என் வீட்டில்தான் இருந்தது என்று முதலில் விசாரித்தபோது உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். கிணற்றுப் படியில் இறங்கச் சொன்னது நான்தான். "வழுக்குமே ஸார்" என்று அவன் சொன்னான்.

காரியமெல்லாம் முடிந்ததும் சுகந்தியிடம் போய், அவன் ஆசைப்பட்டதை நிறைவேற்றுவோம் என்றேன். உண்மையிலேயே அவன் ஆசைதானே. அவள் மறுக்கவில்லை. சாரல் விழாவில் துரை நின்ற நிற்பை ஊரே பார்த்தது. நடுவர் தொட வேண்டிய இடமெல்லாம் தொட்டுவிட்டு, இவ்வளவு அமைதியான நாட்டு நாயை நான் பார்த்ததில்லை என்று மைக்கிலேயே சொன்னார். ஒரு பயல் சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வாங்கியபோது நான் அழுதுவிட்டேன். சுகந்தி கோப்பையைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆள் அனுப்பினாள். போனேன். அந்தத் திண்டில், நான் நிறுத்திய அதே இடத்தில் துரை நின்றது. முன்கால் தோளுக்கு நேர் கீழே, பின்கால் சற்றுத் தள்ளி. வயிறு ஒட்டிப்போயிருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிப்போட்டாலும் அறுத்துக்கொண்டு வந்து இங்கேதான் நிற்கிறது, பட்டினி கிடக்கிறது என்றாள்.

"யாரும் சொல்லாம அது இப்படி நிக்காதுன்னு நீங்கதான ஸார் சொல்லுவிய?" என்றாள். "இங்கன நில்லுன்னு அதுகிட்ட சொன்னது யாரு?"

ஒரு சொல்லில் நான் அதைப் படுக்கவைத்திருக்கலாம். துரையும் என்னைத்தான் பார்த்தது. ஆனால் அந்த இடத்தில் 'போதும்' சொல்கிறவன், அந்த இடத்தில் 'நில்' சொன்னவனாகத்தானே இருக்க வேண்டும். தொழிலின் நுணுக்கத்தையெல்லாம் அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் பேசாமல் திரும்பி நடந்தேன். அவள் என் பின்னால் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

இவ்வளவுதான் விஷயம். கையெழுத்து எங்கே வேண்டுமோ போட்டுத் தருகிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், மேடம். என்னை ஒரு தரம் அந்தக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்கிறாள் சுகந்தி, அவள் கோபம் அவளுக்கு. ஆனால் நாய் என்ன பாவம் செய்தது? ஆவுடையப்பன் செத்தது கால் வழுக்கியதால், அது அவன் தலையெழுத்து. 'போதும்' சொல்லாமல் துரையை இழுத்துக்கொண்டு வந்தேனே, அந்த ஒரு தப்புக்கு மட்டும் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.