ஓரமில்லாத டிவி

கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை ஆயர் தாவார் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய கணவன் மனைவி, புது டிவிப் பெட்டியை முழங்காலுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்திருந்தார்கள். அந்த அம்மா பெட்டியின் மேலிருந்த படத்தையும் தன் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்க, ஃபோனுக்குக் கண்ணாடி ஓரம் வரைக்கும் வளைஞ்சு போவுது. டிவிக்கு மட்டும் ஏன் கறுப்புச் சட்டம் வைக்கிறானுங்க?”

“கடையில கேட்டேன்லா. ஃபோனு ஒரு ஆளு கையில வச்சு நேரா பாக்குறது. டிவிய நாலு பேரு நாலு பக்கம் உக்காந்து பாப்போம். ஓரத்த வளைச்சா பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் படம் கோணலாத் தெரியுமாம். லைட்டு வேற அங்க பட்டுக் கண்ணு கூசுமாம்.”

“சரி, வளைய வேணாம். மெல்லிசு சட்டம் போட்டது ஒண்ணு இருந்துச்சே, அதே விலையில. எனக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு. நீங்கதான் இத எடுத்தீங்க.”

அவர் பெட்டியின் ஓரத்தை விரலால் தடவினார். நான் இறங்க வேண்டிய தஞ்சோங் காராங் நெருங்கியது. மணியை அழுத்தவில்லை.

“அந்தச் சட்டம் நூலாட்டம் இருக்கு. அதுல பொட்டு நிக்காது.”

“எந்தப் பொட்டு?”

“உன் பொட்டுதான். மத்தியானம் நாடகம் பாத்துக்கிட்டே தூங்கிடுற. பொட்டு தலகாணியில தேஞ்சு கன்னத்துக்கு வந்துருது. நான்தான எடுத்து டிவி ஓரத்துல ஒட்டி வைக்கிறேன்.”

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நானே ஒட்டிட்டுப் படுக்கிறேன்னுல்ல இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”