விடுபட்ட பக்கங்களையும் கேட்டு வாங்கிய எங்கள் அக்காவுக்கு

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் கொலுவீற்றிருந்த குரலரசியே! குழாயில் காற்று வந்தாலும் கலங்கல் வந்தாலும் கொதித்தெழுந்த ஊராரைக் கனிந்த சொல்லால் குளிரவைத்த குணக்குன்றே! பிறவியிலேயே பார்வை இல்லாதிருந்தும், கோப்பில் எங்கே கோளாறு என்று எங்களுக்கு முன்பே கண்டுபிடித்த கூர்மதியே! ஐம்பத்து மூன்றாம் வயதில் சட்டக் கல்லூரியின் படியேறிப் பட்டம் வென்று, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பாசத்துக்குரிய அக்காவே! வணக்கம்.

"போதும், போதும்" என்று நீங்கள் கையை உயர்த்துவது தெரிகிறது. இன்று ஒருநாள் பொறுத்தருள வேண்டும். முப்பத்தோர் ஆண்டுகள் நாங்கள் உங்கள் பேச்சைக் கேட்டாயிற்று.

மாலைக் கல்லூரியில் சேரப்போவதாக நீங்கள் அறிவித்தபோது கைதட்டினோம். கைதட்டிக்கொண்டே, "ஒரு பருவம் தாங்குமா?" என்று மனத்துக்குள் கணக்குப் போட்டவர்களும் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார்கள். சேர்க்கைப் பிரிவு எழுத்தர், உங்களை விட்டுவிட்டு உங்கள் கணவரைப் பார்த்து, "இவங்களுக்கு யாருங்க படிச்சுக் காட்டுவாங்க?" என்று கேட்டாராம். "கேள்விய என்கிட்டயே கேளுங்க, எனக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றீர்களாம். ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர் கரும்பலகையைச் சுட்டி, "இது இதைக் கட்டுப்படுத்தும்" என்றபோது, "எது சார் எதை?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தீர்கள். மறுநாள் முதல் அவர் எழுதியதையெல்லாம் வாய்விட்டும் சொல்லத் தொடங்க, கடைசி வரிசையில் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்தவர்களின் குறிப்பேடுகளும் உருப்பட்டன.

பாட நூல்களை உங்களுக்குக் குரலில் பதிந்து தரும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. மதிய இடைவேளையில், கிடங்கறையின் குழாய்க் குவியலுக்கு நடுவே, ஆளுக்கு அரைமணி நேரம் வாசித்தோம். தட்டச்சர் காற்புள்ளியையும் விடாமல் சொன்னார். மீட்டர் கணக்கெடுப்பவர் சட்டப்பிரிவுகளை மீட்டர் எண்களைப்போல ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

இப்போது, பாராட்டு மடல்களில் வழக்கமாக இடம்பெறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஓர் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டுவிட்டால், தள்ளுபடியான மற்றவற்றைக் கயிற்றால் கட்டி மூலையில் போட்டுவிடுவோம். பிறகு ஒருவரும் அவற்றைப் புரட்டுவதில்லை. ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஒருவிதமாகவும் ஒருவர் வேறுவிதமாகவும் எழுதிய தீர்ப்புகள் வந்தபோது, எங்கள் பொருள்காப்பாளர் அதே வழக்கப்படி, அந்த ஒருவருடையதை வாசிக்காமல் விட முடிவெடுத்தார். "தோத்துப்போனவரு கருத்துதானே! அக்காவுக்கு எதுக்கு வீண் பாரம்?" நாங்களும் தலையாட்டினோம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டு அரசமைப்புச் சட்டத் தேர்வில், பதினைந்து மதிப்பெண்ணுக்கு அந்த மாறுபட்ட கருத்தைத்தான் கேட்டார்கள். நீங்கள் சொல்வதை எழுதப் பேனாவைத் திறந்து காத்திருந்த பெண்மணியிடம், "அந்தப் பக்கம் என்கிட்ட வந்து சேரலம்மா, அடுத்த கேள்விக்குப் போங்க" என்றீர்கள். நான்கு மதிப்பெண்ணில் தேர்ச்சி தவறியது. பொருள்காப்பாளர் மூன்று நாள் நீரேற்று நிலையத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி ஒளிந்துகொண்டார். நான்காம் நாள் அங்கேயே தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு எது வேண்டாம்னு நான்தான் சொல்லணும். பிடிக்காத பக்கத்த நீங்க நீங்களாப் புரட்டிட்டுப் போறீங்கல்ல? அந்த உரிமை எனக்கும் வேணும். தொண்டைக்கு வெந்நீர் குடிச்சுட்டு வாங்க, நாப்பத்தொரு தீர்ப்பு பாக்கி கெடக்கு."

வெட்கப்பட்டோம் அக்கா. அன்பு காட்டுகிறோம் என்று உங்கள் கையிலிருந்த புத்தகத்தைப் பாதியாக்கியவர்கள் நாங்கள். நாற்பத்தொன்றையும் அடிக்குறிப்போடு மறுபடி வாசித்தோம். மறுதேர்வில் கல்லூரியிலேயே உயர்ந்த மதிப்பெண் உங்களுடையதாயிற்று. அன்று இந்த அலுவலகம் முழுவதும் தலைகால் புரியாமல் திரிந்தது.

பட்டத்தோடு நிற்காமல் முதுகலைச் சட்டத்துக்கு விண்ணப்பித்தீர்கள். தீர்ப்புகளில் தோற்றுப்போன கருத்துகளையே ஆய்வுப் பொருளாக எடுத்தீர்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக் குழுவினர் மனமிரங்கி, "ஆய்வேட்டிலிருந்து உங்களுக்கு விலக்கு அளிக்கிறோம், வாய்மொழித் தேர்வு போதும்" என்று எழுதினார்கள். விலக்கு வேண்டாம், நூலகப் புத்தகங்களைக் குரலாக மாற்றிக் கேட்கும் வசதி மட்டும் வேண்டும் என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். கிடைக்கவிருந்த இடமும் கைநழுவிவிடுமோ என்று அஞ்சினோம். ஆறு வாரம் பதிலே இல்லை. நீங்கள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டால், தொலைபேசியில் புகார் சொன்னவரிடம் தெருப் பெயரை இரண்டு முறை கேட்டீர்கள்.

நேற்று அந்தக் கடிதம் வந்தது. பொருள்காப்பாளர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். அவர் பல்கலைக்கழக முகவரியில் தொடங்கி, கோப்பு எண், தேதி, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று நிதானமாகப் போனார். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள்.

"தம்பி! எடம் கெடச்சுதா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க!"

"ஒரு வரிகூட விடக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றார் அவர். விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தார்.

பதினோராவது வரியில் வந்தது: "இடம் வழங்கப்படுகிறது, விலக்கு ஏதுமின்றி." கடைசி இரண்டு சொற்களை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னீர்கள். பிறகு இன்னொரு முறை.

தோல்வியை இம்மடலில் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். விடவில்லை. கண்ணாடிச் சட்டமிட்ட பிரதி, சுவரில் மாட்ட உங்கள் கணவருக்கு. குரலில் பதிந்த பிரதி உங்களுக்கு. அதில், வாசிக்கும் நம் கண்காணிப்பாளர் இரண்டு முறை தும்முவதும் இருக்கிறது.

எங்கள் பெருமையே! திங்கட்கிழமை காலை வகுப்புக்குக் காலதாமதம் இல்லாமல் சென்று சேர்க! குன்றாத உடல்நலத்தோடு நூறாண்டு கடந்தும் கேள்வி கேட்டுக்கொண்டே வாழ்க! ஒருநாள் உங்கள் ஆய்வேடு அச்சாகி வரட்டும். அதன் முதல் பக்கத்தை நீங்கள் சொல்ல, நாங்கள் கேட்போம்.

உங்களிடம் வாசிக்கக் கற்றுக்கொண்ட,
குடிநீர் வழங்கல் அலுவலக ஊழியர்கள்