இடைவேளைக்குப் பிறகு

இன்னும் ரெண்டு கரண்டிதான் சார், முழுங்குங்க. கஞ்சி சுடுதா? கண்ண ரெண்டு தடவ மூடுறீங்க. அப்ப இல்ல. நல்லது. இப்ப நான் கேட்டதுக்குச் சொல்லுங்க. ரொசெண்டா பாடி நீங்க கேட்டது ஞாபகம் இருக்கா?

என் பொண்டாட்டியேதான், ஆமா. உங்க சட்டைய இருவது வருஷம் தொவச்சவ. நான் கேக்கறது அதுக்கும் முன்னாடி. நேத்தோட அவளுக்கு நாப்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சுது, அதான் இன்னிக்குக் கேக்கறேன். அவ இருந்தா விடமாட்டா. சாருக்கு வாதம் வந்து கெடக்கறப்ப என்ன கேள்வின்னு என்னத்தான் திட்டுவா.

எங்க ஊரு புலகான்ல ரேடியோக்காரங்க ஒரு பாட்டுப்போட்டி வெச்சாங்க. கடைசிச் சுத்துல பதினாலு பேரு. இவளுக்குப் பச்சைக் கவுன், அக்காகிட்ட இரவல். துணி தொவைக்கிற பொண்ணுன்னு சொல்லித்தான் மைக்குல கூப்பிட்டான். பாடி முடிச்சதும் ஜனம் நல்லாத்தான் கை தட்டுச்சு. நீங்க மொத வரிசையில விசிறியோட உக்காந்திருந்தீங்க.

ரெண்டு நாள் கழிச்சு நீங்க பாட்டு விமர்சனம் எழுதுற பேப்பர் வந்துது. எங்களுக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். படிச்சிட்டே வந்தவங்க நடுவுல நிறுத்திட்டாங்க. இவதான் விடல, படிங்க டீச்சர்னா. படிச்சாங்க. இந்தப் பச்சைக் கவுனோட குரலத் துணியோட சேத்துக் கொடியில போட்டிருக்கலாம், மேடையில ஏத்திட்டாங்க. அவ்வளவுதான், ஒரே வரி. பேரக்கூட போடல நீங்க.

ஞாபகம் வருதா? யோசிங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல.

ரெண்டு தடவ. சரி.

அதுக்கப்புறம் அவ பாடல சார். எங்க மூணு புள்ளைங்களும் தாலாட்டு கேக்காமத்தான் வளந்துதுங்க. கோயில்ல எல்லாரும் பாடுறப்ப இவ உதட்டக் கடிச்சிட்டு நிப்பா.

உங்கள நாலு சாத்து சாத்தணும்னுதான் மணிலாவுக்கு பஸ் ஏறினேன். வாசல்ல நின்னவன மேலயும் கீழயும் பாத்துட்டு, வண்டி ஓட்டத் தெரியுமாடான்னு கேட்டீங்க. தெரியும்னேன். என்ன பண்றது, வயிறு கூடவே வந்திருந்துச்சே.

வந்த ஒரே மாசத்துல உங்க தொழில் புரிஞ்சு போச்சு. கச்சேரியில இடைவேளை மணி அடிச்சா நீங்க எந்திரிச்சு மாலாத்தே தெருவுப் பக்கம் மாஜோங் சூதாட்டத்துக்குப் போயிருவீங்க. நான் உங்கள விட்டுட்டு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னு மிச்சத்தக் கேப்பேன். அப்புறம் வாசல் போன்ல உங்களக் கூப்பிட்டு ஒப்பிப்பேன். மூணாவது பாட்டுல மூச்சு வாங்குச்சு சார், வயலின்காரன் முந்திட்டான் சார், ஜனம் இருமுச்சு சார். நீங்க அதுக்கு ஜிகினா ஒட்டி அங்கிருந்தே பேப்பர் ஆபீசுக்கு போன்ல படிப்பீங்க. டெமெத்ரியோ சார் காது தங்கக் காதுன்னு ஊரே சொல்லுச்சு. மெடல் வாங்குனீங்களே, அன்னிக்கு என்னப் பாத்துச் சிரிச்சீங்க. அதுவாவது ஞாபகம் இருக்கா? ஒரு தடவ. இருக்கும், இருக்கும்.

எத்தனை பேர அழ வெச்சிருப்போம் நாம? ஒரு பையன் பியானோவ வித்துட்டு கப்பல் வேலைக்கே போயிட்டான். நான் உள்ளதத்தான் சொன்னேன் சார், ஒரு பாட்டு கூட கூட்டிக் கொறச்சு சொன்னதில்ல. பதினோரு வருஷம். நீங்க என்ன நம்பணும்ல?

பெரிய பாடகி பெலிசா அம்மா கச்சேரிக்கு வருவோம். ஏன் மொகத்தத் திருப்புறீங்க? அதுதானே உங்களக் கவுத்துச்சு. மறுநாள் காலையில மொத பக்கத்துல, பெலிசா துமாலாக் மேடையிலேயே உயிர விட்டாங்கன்னு படத்தோட செய்தி. பதினோராம் பக்கத்துல நீங்க. கடைசிப் பாட்டுல அவங்க குரல் கூரையத் தொட்டுச்சு, கூட்டம் எந்திரிச்சு நின்னு அழுதுச்சுன்னு. மணிலாவே சிரிச்சுது. ஜீப்னி டிரைவருங்க கூட உங்க வீட்டப் பாத்து ஹாரன் அடிச்சிட்டுப் போனானுங்க. அதுக்கப்புறம் ஒருத்தனும் உங்களுக்கு டிக்கெட் அனுப்பல.

நான் கால்ல விழுந்தேன். அசதியில தூங்கிட்டேன் சார், பயந்துபோய் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்னு. நீங்க என்னத் துரத்தல. தூக்கம்னா தூக்கந்தான், மனுஷன்தானே நீயும்னு விட்டீங்க. வெளிய யார்கிட்டயும் என் பேரச் சொல்லவும் இல்ல. சொன்னா மாஜோங்கும் வெளிய வந்துரும்ங்கறது வேற விஷயம். ஆனா ரொசெண்டா அந்த ஒண்ணுக்காக சாகறவரைக்கும் உங்களக் கும்பிட்டா.

நான் தூங்கல சார்.

இடைவேளைக்கு அப்புறம் ரெண்டாவது பாட்டு. பெலிசா அம்மா பியானோ விளிம்பப் புடிச்சாங்க, கை நழுவிச்சு. மேடையில மொதல்ல ஏறினவனே நான்தான். தலை என் மடியிலதான் இருந்துச்சு. டிரைவர் மொகத்த யார் பாக்கறா? டாக்டர் வந்து நாடி புடிச்சுப் பாத்துட்டு கையக் கீழ வெச்சார். நான் எந்திரிச்சு சட்டைய சரி பண்ணிட்டு போன்கிட்ட வந்தேன். அந்தப் பக்கம் மாஜோங் காய் கலைக்கற சத்தம். எப்படிடா பாடுறா, சுருக்கா சொல்லுன்னீங்க.

இன்னும் பாடிட்டுத்தான் இருக்காங்க சார், ஜனம் நகர மாட்டேங்குது, நீங்க ஆட்டத்தப் பாருங்கன்னேன்.